கையை எடுத்தும் நிற்காத நாற்காலி

தம்பி,

போன மாதம் உன் கல்யாண வரவேற்பில் நீ மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசினாய். "எங்க அம்மா டிசைன் இன்ஜினியரா இருந்தவங்க. என்னைப் படிக்க வைக்கறதுக்காக அந்த வேலையை விட்டாங்க" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்துவைத்தேன். அது உண்மை இல்லை, தம்பி. நான் வேலையை விட்டதற்கும் உன் படிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குச் சொல்ல அப்படி ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை நீயும் நம்பி, பதினாறு வருஷமாக ஒரு கடனைப் போல மனதில் சுமந்திருக்கிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். மாலையும் கழுத்துமாக நின்ற உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "இனிமே என் கையெழுத்து இல்லாம எந்த சர்க்யூட் போர்டும் வெளிய போகாதும்மா" என்று சொன்னாய். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இதற்கு மேலும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உன் மனைவியும் இதைப் படிக்கட்டும். அதற்காக உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்.

திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் நான் வேலை பார்த்த கம்பெனி உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகளுக்கு கண்ட்ரோல் போர்டு செய்துகொண்டிருந்தோம். மொத்தம் முப்பது பேர். முதலாளியும் இன்ஜினியர், நல்ல மனிதர். பாலக்கரையிலிருந்து டிபன் பாக்ஸோடு பஸ் ஏறிப் போன டிப்ளமோக்காரியை அவர்தான் டிசைன் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டார். எனக்குக் கீழே இரண்டு பேர் பி.இ. படித்தவர்கள். அவர்கள் என்னை "மேடம்" என்று கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். என்றைக்காவது ஒரு தப்பு செய்தால், "டிப்ளமோ படிச்சவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. அந்தப் பயத்தை நான் பொறுப்புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்காலியில் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். ஒவ்வொரு மோட்டாருக்கும் கரண்டை விடவும் நிறுத்தவும் ஒரு டிரான்சிஸ்டர். உட்காருபவர் வலது கையால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் அது திறக்கும், கையை எடுத்தால் மூடும். அவ்வளவுதான் அதன் வேலை. நாங்கள் வழக்கமாகப் போட்ட டிரான்சிஸ்டர் ஒரு வருஷம் மார்க்கெட்டில் கிடைக்காமல் போனது. மாற்று தேட வேண்டியது என் பொறுப்பு. இரண்டின் டேட்டாஷீட்டையும், அதாவது குணங்களைச் சொல்லும் தாளையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது பழையதைவிட அதிக வோல்ட்டேஜ் தாங்கும், அதிக கரண்ட் தாங்கும் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. போர்டில் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. மேஜை மேல் நாற்காலியைத் தூக்கி வைத்து, சக்கரம் காற்றில் சுற்ற, பத்து நிமிஷம் ஓட்டினோம். தொட்டுப் பார்த்தேன், குளுகுளு என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்த டிரான்சிஸ்டரோடு இருபத்தாறு நாற்காலிகள் வெளியே போயின.

அதில் ஒன்று ஸ்ரீரங்கத்தில் வைதேகி என்கிறவருக்குப் போனது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சுவாதீனம் இல்லை. அடுத்த வீதியில் இருந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதுவரைக்கும் அவருடைய அண்ணன் சம்பத் தினமும் காலையில் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் தூக்கிக்கொண்டு வருவார். நாற்காலி வந்த பிறகு வைதேகி தனியாகப் போய் வந்தார். போகிற வழியில் நின்று பூ வாங்கினார், காய் வாங்கினார். வீட்டு வாசலில் அவருக்காகவே ஒரு சிமெண்ட் சாய்தளம் கட்டியிருந்தார்கள். நாற்காலி வந்த ஏழாவது வாரம், சித்திரை வெயிலில், பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சாய்தளத்தில் ஏறும்போது, மேலே போய் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்திருக்கிறார். வலது சக்கரம் நின்றுவிட்டது. இடது சக்கரம் நிற்கவில்லை. முழு வேகத்தில் சுற்றி, நாற்காலி வட்டமடித்துத் திரும்பி, சாய்தளத்தின் ஓரத்திலிருந்து அவரோடு கீழே விழுந்தது. இடது கையில் இரண்டு இடத்தில் முறிவு. கன்னம் கிழிந்து தையல்.

நாற்காலி எங்களிடம் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. இடது பக்க டிரான்சிஸ்டரின் மேல் ஓடு வெடித்து, நடுவில் கரிப்பள்ளம். மீட்டரை வைத்தேன், அதன் மூன்று கம்பிக் கால்களில் எந்த இரண்டில் வைத்தாலும் பீப் என்று கத்தியது. உனக்குத் தெரியும், இந்த ஜாதி டிரான்சிஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் கரண்டை நிறுத்தாது. உள்ளே ஒட்டிக்கொண்டு திறந்தபடியே நின்றுவிடும். வைதேகி கையை எடுத்தது அதன் காதில் விழுந்திருக்காது. முதலாளி என் மேஜைக்கு வந்து, "தண்ணி ஏதாவது போயிருக்குமா மேடம்? இவங்க எல்லாம் வண்டியை ஹோஸ் போட்டுக் கழுவுவாங்க" என்று கேட்டார். பெட்டியின் ஒரு ஸ்க்ரூவில் லேசாகத் துரு இருந்தது. நான் அந்தத் துருவைக் காட்டினேன்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். 'பெட்டிக்குள் நீர் புகுந்துள்ளது. பயன்படுத்துபவர் ஜாய்ஸ்டிக்கை உரிய நேரத்தில் விடுவிக்காததும் காரணமாக இருக்கலாம்.' டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுத்ததும் நான், அது ஏன் எரிந்தது என்று விசாரித்ததும் நான். யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு வேறு போர்டு தயார் செய்தபோது, டிராயரின் அடியில் மிச்சமிருந்த பழைய டிரான்சிஸ்டர் இரண்டைத் தேடி எடுத்து நானே சால்டர் செய்தேன். ரிப்போர்ட்டில் தண்ணீர் என்று எழுதிய அதே கை. எனக்குத் தெரியாது என்று நான் யாரிடம் சொன்னாலும் என்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது. மற்ற இருபத்தைந்து நாற்காலிகளும் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். அப்பா, "என்ன, அதுக்குள்ள?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

வைதேகி விழுந்த பதினோராவது நாள் சர்வீஸ் வண்டியில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு, டிரைவரோடு நானும் ஸ்ரீரங்கம் போனேன். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. சம்பத் மரியாதையாக உள்ளே கூப்பிட்டார். "வாங்கோ மேடம். வண்டியை அந்த ஓரமா வெச்சுடுங்கோ. இனிமே இவளைத் தனியா அனுப்பறதா இல்லை. ஸ்கூல்லேயும் ஹெச்.எம். அதையேதான் சொல்றா" என்றார். வைதேகி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை முழுக்க மாவுக்கட்டு. வலது கை சும்மா இருந்தது; ஆனால் சும்மா இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடிப்பதும் விடுவதுமாக அசைந்துகொண்டே இருந்தன.

"ரிப்போர்ட் படிச்சேன்," என்றார். "நான் கையை எடுத்துட்டேன்னுதான் நெனச்சுண்டிருந்தேன். எடுக்கலை போலிருக்கு. எத்தனையோ தடவை நெனச்சுப் பாத்துட்டேன். எடுத்த மாதிரிதான் ஞாபகம் வரது. ஆனா நீங்கள்லாம் பாத்துச் சொல்றப்போ, என் ஞாபகம்தானே தப்பா இருக்கணும்?"

கணக்கு டீச்சர், தம்பி. காரணம் கேட்டுப் பழகினவர். நான் எழுதிய ஒரு வரியை வைத்துத் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். கை முறிந்தது சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் முறித்தது அது இல்லை. அங்கே அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "உடம்பைப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டி காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் டிரைவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் வெயில் நன்றாக ஏறிய பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். புதிய டிரான்சிஸ்டர் போட்ட போர்டை ஒரு நாற்காலியில் மாட்டி, டிரான்சிஸ்டரின் முதுகில் வெப்பம் காட்டும் கம்பியை ஒட்டி, பெட்டியை மூடினேன். ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த ரஹீம் பாய் நல்ல கனமான மனிதர். அவரை உட்காரச் சொன்னேன். "என்னங்க மேடம், நானா கெடைச்சேன்?" என்றார். "நீங்கதான் பாய் வேணும்" என்றேன். லாரியில் சரக்கு ஏற்றுகிற சாய்தளத்தில் அவரை ஏறி இறங்க வைத்து, பேட்டரி ஒயரில் கை வைத்தபடி கூடவே நடந்தேன். மூன்றாவது ஏற்றத்தில் நூறு டிகிரியைத் தாண்டியது. ஆறாவதில் நூற்றைம்பது. "ஏதோ கருகுற வாடை வருதுங்க" என்று பாய் சொல்லும்போதே ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

காரணம் மிகச் சின்னது. எங்கள் போர்டிலிருந்து டிரான்சிஸ்டரைத் திறக்கிற காலுக்கு, அளந்து பார்த்தால், ஐந்து வோல்ட்கூட முழுசாக வரவில்லை. பழையது அந்த அளவுக்கே முழுக்கத் திறந்துவிடும். புதியது முழுக்கத் திறக்க பத்து வோல்ட் வேண்டும். டேட்டாஷீட்டில் நான் பார்த்து மகிழ்ந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அது போட்டிருந்தது. பாதி திறந்த குழாயில் தண்ணீர் திணறுகிற மாதிரி கரண்ட் அதில் திணறிச் சூடாகியிருக்கிறது. சக்கரம் காற்றில் சுற்றும்போது அந்தத் திணறல் தெரியாது. ஆள் உட்கார்ந்து ஏற்றத்தில் ஏறும்போதுதான் தெரியும். அந்த முதல் பக்கத்துப் பெரிய எண்ணும் அதன் உடம்பை இருபத்தைந்து டிகிரியில் வைத்திருந்தால் மட்டும்தான் பொருந்தும். சித்திரை மாதம் திருச்சியில், சீட்டுக்கு அடியில், மூடின பெட்டிக்குள் இருபத்தைந்து டிகிரிக்கு எங்கே போவது? அந்த டிரான்சிஸ்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது வேறு இடத்துக்குச் சரியான ஆள். நான் அதன் குணத்தைப் படித்தேன். அதைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தைப் படிக்கவில்லை.

கருகின போர்டோடு முதலாளி அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு வோல்ட்டுல முழுசா திறக்கற வேற டிரான்சிஸ்டர் வாங்கி எல்லாத்தையும் மாத்திடலாம். நாளைக்கே ஆளை அனுப்பறேன். இலவச சர்வீஸ்னு சொல்லிட்டு மாத்திட்டு வரட்டும். ரிப்போர்ட் மட்டும் அப்படியே இருக்கட்டும் மேடம்."

"அந்தம்மா தன்மேல தப்புன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க சார்."

"நாளாக நாளாக மறந்துடுவாங்க. நாம எழுத்துல குடுத்தா கம்பெனி நிக்காது. முப்பது குடும்பம் இருக்கு இங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த முப்பதில் நம் குடும்பமும் ஒன்று. ஆனால் போர்டுகளை மாற்ற அவர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மீதி என்னுடையது. இரண்டு நாள் கழித்து லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். வைதேகியிடம் தனியாகச் சொன்னேன். பழைய டிரான்சிஸ்டரை நானே தேடி எடுத்துப் போட்டது வரைக்கும் சொன்னேன்.

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. "அப்போ நான் கையை எடுத்துட்டேன்," என்றார்.

"எடுத்துட்டீங்க. உங்க கை சரியாத்தான் செஞ்சிருக்கு."

பிறகு, "என்கிட்ட சொல்லிட்டேள். இதை அண்ணா முன்னாடி சொல்லுங்கோ. உள்ளே இருக்கற எங்கப்பா முன்னாடியும் சொல்லுங்கோ. அப்புறம் எழுதிக் குடுங்கோ" என்றார். சொன்னேன். சம்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களை நம்பித்தானே இவளை அதுல உக்கார வெச்சோம்?" என்று கேட்டார். அவர்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்து அவர்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. வைதேகி அதை எடுத்துக்கொண்டு போனது ஹெச்.எம்மிடம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது தனியாகத்தான் போனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என்னை மன்னித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சம்பத் போன் பண்ணியதில் முதலாளிக்குத் தெரிந்துபோயிற்று. "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார். "சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க சார்" என்றேன். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. டிசைனிலிருந்து எடுத்து பர்ச்சேஸில் போட்டார். என் மேஜையில் அந்த பி.இ. பையன்களில் ஒருவன் உட்கார்ந்தான். நான் பயந்துகொண்டிருந்த வார்த்தையை யாரும் சொல்லவே இல்லை. மூன்று மாதத்தில் நானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கு உன் பேரைச் சொன்னேன். என் தப்பை ஒரு தடவை வைதேகி தலையில் வைத்தேன், மறுபடியும் உன் தலையில் வைத்தேன். அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். நீ எனக்கு எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

உனக்கு அறிவுரை என்று சொல்ல எனக்குத் தகுதி குறைவு. இருந்தாலும் அம்மா இல்லையா, சொல்லிவிடுகிறேன். மாற்று ஒன்றைப் போட வேண்டி வந்தால் இரண்டு தாளை ஒப்பிட்டுவிட்டு எழுந்துவிடாதே. அது நிற்கப்போகிற இடத்தில் என்ன வோல்ட்டேஜ் வருகிறது என்று நீயே மீட்டர் வைத்துப் பார். ஆளை உட்கார வை, ஏற்றத்தில் ஏற்று, வெயிலில் ஓட்டு. அவசரம் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். அது மெய்யான அவசரமாகவே இருக்கும். அப்போதும் ஒரு நாள் அவகாசம் கேள். இத்தனையும் செய்த பிறகும் ஒருநாள் ஏதோ ஒன்று எரிந்து திரும்பி வரும். அன்றைக்கு, நீ தேர்ந்தெடுத்ததை நீயே விசாரிக்காதே. உன்மேல் அவ்வளவு பிரியம் இல்லாத ஒருவரிடம் கொடு.

இன்னும் ஒன்று பாக்கி. எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது வைதேகி ஒரு கேள்வி கேட்டார். "மத்தவாளுக்கு யார் சொல்லுவா?" போர்டைத்தான் மாற்றியிருந்தோம். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்தபோதே அந்த விலாசங்களைக் குறித்துக்கொண்டேன். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் எங்கோ கிளம்பிப் போய்விடுவேன், உனக்கும் அப்பாவுக்கும் ஹோட்டலில் சாப்பாடு, அது இதற்காகத்தான். தூரத்தில் இருந்தவர்களுக்கு போனில் சொன்னேன். சிலர் திட்டினார்கள். பலருக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை, சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்கள். கடைசியாகப் போனது உப்பிலியபுரம்; துறையூர் போய் பஸ் மாறிப் போனேன். மாரிமுத்து என்று, நிலக்கடலை வியாபாரம் செய்தவர், ஐம்பது வயது. டிராக்டர் ஏறி இரண்டு காலும் போய்விட்டது. நாற்காலி வந்த புதிதில் ஒருநாள் அது நிற்காமல் போய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் மோதியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. அதனால் அவர்கள் எங்களுக்குத் தெரிவிக்கவும் இல்லை. சர்வீஸ்காரர் வந்து புது போர்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் யாரும் அதில் உட்காரவில்லை. அவர் மனைவி, "உனக்குப் பழக்கம் பத்தல, யார் மேலயாவது ஏத்திடுவ" என்று சொல்லி, நாற்காலியைக் கொட்டகைத் தூணோடு சேர்த்துக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

நான் சொல்லி முடித்ததும் மாரிமுத்து மனைவியைப் பார்த்தார். அந்தம்மா எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார். பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டுவிட்டு, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வரைக்கும் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்து போர்டைப் பார்த்து, கேட்டுக்கு வெளியே இருந்த மேட்டில் நானே ஏறி உட்கார்ந்து நாலு தடவை ஓட்டிக் காட்டினேன். "அப்ப இத எடுத்துக்கிட்டு நான் போலாமாங்க?" என்று கேட்டார். போகலாம் என்றேன். அவர் ஏறி உட்கார்ந்து, மேட்டில் ஏறி, ஒரு தரம் கையை எடுத்துப் பார்த்தார். நின்றது. மறுபடியும் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போனவர் டீக்கடைப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டார்.

நானும் அந்தம்மாவும் கேட்டில் நின்றோம். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "எட்டு மாசமா நாந்தாங்க அவர வெளிய விடல" என்றார்.

"நீங்க இல்லம்மா," என்றேன். "நான்."

உங்கள் இருவருக்கும் என் ஜெபங்கள்.

அம்மா